278–0: யாரும் எதிர்க்காத தீர்மானம் ஹேக் வரை போகாதது ஏன்?

2016 ஏப்ரல் 20ஆம் தேதி பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை ஒரு தீர்மானத்தை 278 வாக்குகளுடன் நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. ஈராக்கிலும் சிரியாவிலும் யசீதிகள் (தனக்கென ஒரு மதம் கொண்ட சிறு சமூகம்), கிறிஸ்தவர்கள், மற்ற சிறுபான்மையினர் மீது ஐஎஸ் அமைப்பு இனப்படுகொலை நடத்துகிறது என்றது அந்தத் தீர்மானம். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இதை விசாரிக்க வழி செய்யும்படி அரசு உடனே ஐ.நா. பாதுகாப்பு சபையிடம் போக வேண்டும் என்றும் கேட்டது. ஹேக்கில் அப்படி ஒரு விசாரணை இன்றுவரை தொடங்கவில்லை. ஆனாலும் ஏழு ஆண்டு கழித்து, வேறொரு நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பைக் காட்டி, நடந்தது இனப்படுகொலைதான் என்று பிரிட்டன் அரசு ஒப்புக்கொண்டது.

நடுவில் என்ன நடந்தது, யார் எந்த முடிவை ஏன் எடுத்தார்கள் என்பதை வரிசையாகப் பார்க்கலாம். பெயர்களை விட்டுவிட்டுப் பொறுப்புகளை மட்டும் சொல்கிறேன். ஒரு வேளை அவையில் அரசின் சார்பில் பேசிய அமைச்சர் வேறொருவராக இருந்திருந்தாலும் அன்றைக்கு அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

பின்னணி

2014 ஆகஸ்ட் 3ஆம் தேதி விடியற்காலையில் ஐஎஸ் படை வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதிக்குள் நுழைந்தது. அங்கே வாழ்ந்த யசீதிகள் சில லட்சம் பேர். மலையேறித் தப்பியவர்கள் தண்ணீர் இல்லாமல் வெயிலில் மாட்டிக்கொண்டார்கள். தப்ப முடியாத ஊர்களில் ஆண்களைத் தனியாகவும் பெண்களையும் குழந்தைகளையும் தனியாகவும் பிரித்தார்கள். கோச்சோ என்ற கிராமத்தில் ஆகஸ்ட் 15 அன்று ஆண்களையும் வளர்ந்த பையன்களையும் சுட்டுக் கொன்றார்கள். கடத்தப்பட்டவர்கள் 6,400 பேருக்கு மேல். பெண்களையும் சிறுமிகளையும் விலை பேசி விற்றார்கள். அதற்கு மதத்தின் பெயரால் நியாயம் சொல்லித் தங்கள் இதழிலேயே எழுதவும் செய்தார்கள். அதாவது நோக்கத்தை மறைக்க அவர்கள் முயலவே இல்லை. இனப்படுகொலை வழக்குகளில் நிரூபிக்கக் கஷ்டமானது அந்த நோக்கம்தான்.

2016 தொடக்கத்தில் ஒவ்வொரு நாடாகப் பேசத் தொடங்கின. பிப்ரவரி 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் இதை இனப்படுகொலை என்றது. மார்ச் 14 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 393–0 என்று அதையே சொன்னது. மூன்று நாள் கழித்து அமெரிக்க வெளியுறவு அமைச்சரும் சொன்னார். பிரிட்டன் அரசு மட்டும் வாய் திறக்கவில்லை.

சட்டத்தில் இருந்த முட்டுக்கட்டை

ஈராக்கும் சரி, சிரியாவும் சரி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தில் சேராத நாடுகள். அங்கே நடந்த குற்றத்தை அந்த நீதிமன்றம் தானாகக் கையில் எடுக்க முடியாது. குற்றவாளி உறுப்பு நாடு ஒன்றின் குடிமகனாக இருந்தால் அவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் ஐஎஸ் தலைமையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஈராக்கியர்களும் சிரியர்களும்தான் என்பதால், தன் அதிகாரத்துக்கான அடித்தளம் மிகக் குறுகலாக இருக்கிறது என்று 2015 ஏப்ரலில் நீதிமன்றத்தின் தலைமை வழக்குத்தொடுநரே அறிக்கை விட்டார்.

மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று, பாதுகாப்பு சபை பரிந்துரைப்பது. 2005இல் டார்ஃபூருக்கும் 2011இல் லிபியாவுக்கும் அப்படி நடந்திருக்கிறது. இன்னொன்று, சாசனத்தில் சேராமலேயே ஒரு நாடு நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாக எழுதிக் கொடுப்பது. உக்ரைன் 2014இலும் 2015இலும் இதைத்தான் செய்தது. ஈராக்கும் செய்திருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் ஐஎஸ் மட்டுமல்லாமல், அதை எதிர்த்துப் போரிட்ட ஈராக் படைகளும் அவற்றோடு நின்ற ஆயுதக் குழுக்களும் விசாரணை எல்லைக்குள் வரும். பாக்தாத் அந்தப் பக்கமே போகவில்லை.

முதல் வழியும் ஒருமுறை அடைபட்டிருந்தது. 2014 மே 22 அன்று சிரியாவை ஹேக்குக்கு அனுப்பும் வரைவுத் தீர்மானம் பாதுகாப்பு சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 15 நாடுகளில் 13 ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும், நிரந்தர உறுப்பினர்களுக்கு மட்டும் உள்ள தடுப்பு வாக்கான வீட்டோவைப் போட்டன. ஆதரித்தவர்களில் பிரிட்டனும் உண்டு. காமன்ஸ் சபை விவாதத்தில் இந்த நாள் திரும்பத் திரும்ப வந்தது.

அவையில் நடந்தது

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. அன்று ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சியின் பின்வரிசை உறுப்பினர், அதாவது அமைச்சர் பதவி இல்லாதவர். ஒரு மாதம் முன்பு, மார்ச்சில், மேலவையான பிரபுக்கள் சபையில் இதே கோரிக்கையை ஆதரித்தவர்கள் வேறொரு வழியை முயன்றிருந்தார்கள். குடியேற்றச் சட்ட முன்வரைவில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, ஒரு சமூகத்தின் மீது இனப்படுகொலை நடக்கிறதா என்பதை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்மானிக்கட்டும், அப்படி அவர் சொன்னால் அந்தச் சமூகத்தினரின் புகலிட விண்ணப்பத்தைச் சாதகமாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். அரசு எதிர்த்தது, திருத்தம் தோற்றது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்த விஷயத்தில் யோசிக்கப்பட்ட வழிகளிலேயே பிரிட்டனின் கைக்குள் முழுமையாக இருந்தது இதுதான் என்பது என் கருத்து.

விவாதத்துக்கு முந்தின நாள் உறுப்பினர்கள் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே 16 வயது யசீதிச் சிறுமி ஒருவரின் சாட்சியத்தைக் கேட்டார்கள். தன் கண்ணெதிரே அப்பாவையும் சகோதரர்களையும் கொன்றதையும், தன் சமூகத்தில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்பிள்ளையும் அடைத்துவைக்கப்பட்டு வன்புணர்வுக்கு ஆளானதையும் அவர் சொன்னார். மறுநாள் தீர்மானத்தை முன்மொழிந்தவர் தன் பேச்சில் அதை அப்படியே அவையில் வைத்தார். அதற்கப்புறம் பேசிய யாரும், எந்தக் கட்சியானாலும், நடந்தது இனப்படுகொலையா என்று சந்தேகம் கிளப்பவில்லை.

அப்படியானால் கருத்து வேறுபாடு எங்கே இருந்தது? யார் சொல்ல வேண்டும் என்பதில் இருந்தது.

வெளியுறவுத் துறை இணை அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். இனப்படுகொலை நடந்திருக்கிறது என்று தான் நம்புவதாகவே சொன்னார். ஆனால் அது சட்டக் கேள்வி, அரசியல் கருத்து அல்ல. அரசு வழக்குத் தொடுப்பவரும் இல்லை, நீதிபதியும் இல்லை, ஜூரியும் இல்லை என்றார். தனிப்பட நம்புகிற ஒன்றை அரசின் சார்பில் சொல்ல முடியாது என்பது அவர் நிலை.

எதிர்ப்பே இல்லாத தீர்மானம் குரல் வாக்கிலேயே நிறைவேறிவிடும். ஆதரித்தவர்கள் அதோடு விடவில்லை. பெயர் பதிவாகும்படி முறையான வாக்கெடுப்பு நடந்தது. அமைச்சர்கள் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். 278–0 என்ற எண்ணை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும். 650 பேர் கொண்ட சபையில் பாதிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவே இல்லை. எதிர்த்து வாக்களித்திருந்தால் அரசு காரணம் சொல்லியாக வேண்டும். ஒதுங்கிக்கொண்டதால் தோல்வியும் இல்லை, கடமையும் இல்லை. பின்வரிசைத் தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

அரசின் முடிவும் அதன் காரணங்களும்

பாதுகாப்பு சபைக்குப் போவதில்லை என்பது அரசின் முடிவு. இரண்டு காரணங்கள் சொன்னார்கள். இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

வீட்டோ வரும் என்ற காரணம் நியாயமானது. அதற்குப் பதிலாக, ஐஎஸ்ஸை எதிர்ப்பதில் ரஷ்யாவும் சேர்ந்துதானே நிற்கிறது, ஐஎஸ் குற்றங்களை மட்டும் அனுப்பினால் ரஷ்யா ஏன் தடுக்கப்போகிறது என்று தீர்மானத்தின் ஆதரவாளர்கள் கேட்டார்கள். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஹேக்குக்கு அனுப்பப்படுவது ஒரு நிலைமை, தனி ஒரு குற்றவாளி அல்ல. ஒரு தரப்பை மட்டும் பிரித்தெடுத்து அனுப்ப முடியுமா என்பதில் சட்ட வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. முழு நிலைமையையும் அனுப்பினால் சிரிய அரசின் செயல்களும் விசாரணைக்கு வரும், உடனே வீட்டோவும் வரும். இருந்தாலும், வீட்டோ வரும் என்று ஊகித்து வரைவையே எழுதாமல் இருந்ததை நான் ஏற்கவில்லை. ஐஎஸ்ஸை மட்டும் குறித்த வரைவை நிராகரித்திருந்தால் ரஷ்யா அதற்கான காரணத்தை உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பிரிட்டன் நிரந்தர உறுப்பினர். வரைவு வைக்கும் உரிமை அதன் கையிலேயே இருந்தது.

இரண்டாவது காரணம், நீதிமன்றம் சொல்லட்டும் என்பது. கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் எந்த நீதிமன்றம்? சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் வர அரசு பாதுகாப்பு சபைக்குப் போக வேண்டும். அரசோ நீதிமன்றம் சொல்லட்டும் என்று காத்திருக்கிறது. நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றத்தில் ஐஎஸ் மீது வழக்குப் போட வழியே இல்லை, அது ஒரு நாடு அல்ல. உள்நாட்டு உயர்நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்ற வழியைப் பிரபுக்கள் சபையில் அரசே தோற்கடித்திருந்தது. ஆக, அரசு காத்திருந்த தீர்ப்பை வழங்கக்கூடிய நீதிமன்றம் அன்றைக்கு அரசின் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்றும் உண்டு. இனப்படுகொலையைத் தண்டிப்பதற்கு மட்டுமல்ல, தடுப்பதற்கும் 1948 உடன்படிக்கை கடமை விதிக்கிறது. கடுமையான ஆபத்து இருப்பது ஒரு நாட்டுக்குத் தெரியவந்த கணமே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய கணமே, அந்தக் கடமை தொடங்கிவிடும் என்று 2007இல் போஸ்னியா–செர்பியா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வரும்வரை காத்திருந்தால் தடுப்பதற்கு மிச்சம் என்ன இருக்கும்? தீர்மானம் நிறைவேறி இரண்டு மாதத்தில், 2016 ஜூன் 16 அன்று, சிரியாவுக்கான ஐ.நா. விசாரணைக் குழு, நடப்பது இனப்படுகொலைதான், அது இன்னும் தொடர்கிறது என்று அறிக்கை தந்தது. அப்போதும் 3,200க்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் ஐஎஸ் பிடியில் இருந்தார்கள். விசாரணைக் குழு நீதிமன்றம் அல்ல என்பதால் பிரிட்டனின் நிலை மாறவில்லை.

அப்புறம் நடந்தவை

பரிந்துரை நடக்கவில்லை என்றாலும் தீர்மானம் வீணாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏதாவது செய்துகாட்ட வேண்டிய நெருக்கடி அரசுக்கு வந்தது. 2016 செப்டம்பரில் ஈராக், பெல்ஜியம் ஆகியவற்றோடு சேர்ந்து ஐஎஸ்ஸை நீதியின் முன் நிறுத்தும் முயற்சி ஒன்றை பிரிட்டன் ஐ.நா.வில் தொடங்கியது. ஈராக்கைச் சம்மதிக்க வைக்க ஏறத்தாழ ஒரு வருடம் பிடித்தது. 2017 ஆகஸ்டில் ஈராக் உதவி கேட்டுக் கடிதம் எழுத, செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் எழுதிய வரைவு 2379ஆம் தீர்மானமாகப் பாதுகாப்பு சபையில் ஒருமனதாக நிறைவேறியது. ஐஎஸ் குற்றங்களுக்கான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்க யுனிடாட் என்ற விசாரணைக் குழு உருவானது. சாட்சியம் திரட்டுவதற்கு யாரும் வீட்டோ போடவில்லை.

2019 மார்ச்சில் கோச்சோவில் முதல் புதைகுழியைத் தோண்டினார்கள். எலும்புகளை எடுத்து, உறவினர்களின் ரத்த மாதிரியோடு மரபணுவை ஒப்பிட்டு, அடையாளம் கண்டவர்களை 2021 பிப்ரவரியில் நூறு பேருக்கு மேல் அதே ஊரில் அடக்கம் செய்தார்கள். அந்த மே மாதம் குழுவின் தலைவர், யசீதிகள் மீது நடந்தது இனப்படுகொலை என்பதற்குத் தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் இருப்பதாகப் பாதுகாப்பு சபையிடம் தெரிவித்தார்.

இந்த ஏற்பாட்டின் குறைகளும் சின்னவை அல்ல. குழுவின் வேலை ஐஎஸ் குற்றங்களோடு நின்றது. ஈராக் சட்டத்தில் இனப்படுகொலை என்ற குற்றமே இல்லாததால் அங்கே எல்லாமே பயங்கரவாத வழக்காகத்தான் நடந்தன. பாதிக்கப்பட்ட பெண் கூண்டில் ஏறித் தனக்கு நடந்ததைச் சொல்ல அந்த வழக்குகளில் இடமே இருக்கவில்லை. மரண தண்டனை உள்ள நாடு என்பதால் சாட்சியங்களை ஈராக்கிடம் கொடுப்பதில் இழுபறி நீடித்தது. கடைசியில் ஈராக்கின் விருப்பப்படி 2024 செப்டம்பரில் குழு மூடப்பட்டது.

பிராங்பர்ட் தீர்ப்பு

முடிச்சு அவிழ்ந்தது லண்டனிலும் இல்லை, ஹேக்கிலும் இல்லை.

2015இல் ஒரு யசீதித் தாயையும் அவருடைய ஐந்து வயது மகளையும் ஐஎஸ்ஸைச் சேர்ந்த ஈராக்கியர் ஒருவர் அடிமைகளாக விலைக்கு வாங்கி பலூஜாவில் தன் வீட்டில் வைத்திருந்தார். குழந்தை படுக்கையை நனைத்துவிட்டாள் என்பதற்குத் தண்டனையாக, கொளுத்தும் வெயிலில் அவளை வெளியே ஜன்னல் கம்பியில் கட்டிவைத்தார். குழந்தை இறந்துபோனாள். அந்த ஆளின் மனைவி ஜெர்மானியர். ஊர் திரும்பிய அந்தப் பெண்மீது ஜெர்மனியில் வழக்கு வந்தது. கணவர் 2019இல் கிரீஸில் கைதாகி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். தாய் உயிரோடு இருந்தார். இரண்டு வழக்குகளிலும் சாட்சி சொன்னார்.

2021 நவம்பர் 30 அன்று பிராங்பர்ட் நீதிமன்றம் அந்த ஆளை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை கொடுத்தது. தாய்க்கு 50,000 யூரோ இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. யசீதிகள் விஷயத்தில் உலகிலேயே முதல் இனப்படுகொலைத் தீர்ப்பு இது. குற்றவாளி ஜெர்மானியர் அல்ல, இறந்த குழந்தை ஜெர்மானியர் அல்ல, குற்றம் நடந்ததும் ஜெர்மனியில் அல்ல. எங்கே நடந்தாலும் இப்படிப்பட்ட குற்றத்தை விசாரிக்கலாம் என்று 2002இலிருந்து ஜெர்மனியில் சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. 2023 ஜனவரி 19 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் ஒருமனதாக இனப்படுகொலை என்று அங்கீகரித்தது.

2023 ஆகஸ்ட் 1 அன்று, சிஞ்சார் தாக்குதலின் ஒன்பதாம் ஆண்டு நினைவுக்கு இரண்டு நாள் முன்பு, அந்த ஜெர்மன் தீர்ப்பை ஆதாரமாகக் காட்டி பிரிட்டன் அரசும் ஏற்றுக்கொண்டது. ஹோலோகாஸ்ட், ருவாண்டா, ஸ்ரெப்ரெனிட்சா, கம்போடியா ஆகியவற்றுக்குப் பிறகு அரசு இப்படி ஏற்றது இது ஐந்தாவது முறை. தகுதியுள்ள நீதிமன்றம் என்று ஏழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு அயல்நாட்டின் மாநில அளவிலான நீதிமன்றமாகவும் இருக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது. 2016இலேயே இதைச் சொல்லியிருந்தால், பிரிட்டனிலேயே அப்படி ஒரு வழக்கை நடத்த யாராவது முயன்றிருப்பார்கள்.

மாறியிருக்க வேண்டியவை

தீர்மானம் ஒரே ஒரு கதவைத்தான் தட்டியது. வீட்டோவால் ஏற்கெனவே ஒருமுறை மூடப்பட்ட கதவு அது. ஈராக் தானாக அதிகாரத்தை ஏற்க பிரிட்டன் அழுத்தம் தர வேண்டும் என்றோ, சாட்சியம் திரட்டும் அமைப்பு வேண்டும் என்றோ, ஐஎஸ்ஸில் சேரப்போன பிரிட்டன் குடிமக்கள்மீது உள்நாட்டிலேயே வழக்குத் தொடர வேண்டும் என்றோ வாசகத்தில் ஒரு வரிகூட இல்லை. பரிந்துரை முடியாது என்று அமைச்சர் சொன்னதும், சரி, அடுத்தது என்ன என்று கேட்க தீர்மானத்தில் பிடி இல்லாமல் போனது. இத்தனை நாளுக்குள் அவைக்கு அறிக்கை தர வேண்டும் என்று ஒரு கெடு வைத்திருந்தால்கூட அரசு திரும்ப வந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

உள்நாட்டு நீதிபதி தீர்மானிக்கட்டும் என்ற யோசனை பிறகும் எழுந்தது. 2021 ஜனவரி 19 அன்று, சீனாவின் உய்குர் மக்கள் பிரச்சினையை ஒட்டி, வர்த்தகச் சட்ட முன்வரைவில் அதே மாதிரி ஒரு திருத்தம் காமன்ஸ் சபைக்கு வந்து 319–308 என்று தோற்றது. பதினொரு வாக்கு வித்தியாசம். இந்த வழி வெறும் கனவு அல்ல என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

இலங்கைப் போர்க்குற்றங்களை ஹேக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுவரும் வாசகர்களுக்கு இந்த நிகழ்வு நேரடியாகவே பொருந்தும். இலங்கையும் ரோம் சாசனத்தில் சேராத நாடு. அங்கேயும் எதிரே நிற்பது இதே வீட்டோச் சுவர்தான். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலையை மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குக் கொடுத்ததன் மதிப்பை பிராங்பர்ட் வழக்கை வைத்துப் பார்த்தால் புரியும். சாட்சியம் பத்திரமாக இருந்தால், என்றைக்காவது குற்றவாளி ஒருவர் சரியான சட்டம் உள்ள நாட்டில் கால் வைக்கும்போது வழக்குத் தொடரலாம்.

பிரிட்டனில் அந்தச் சட்டம்தான் இன்னும் அரைகுறை. 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி இனப்படுகொலைக்காக அங்கே வழக்குப் போட, குற்றம் சாட்டப்பட்டவர் பிரிட்டன் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஸ்வீடன் 2025 பிப்ரவரியில் தன் குடிமகள் ஒருவருக்கு யசீதிகள் மீதான இனப்படுகொலைக்காக 12 ஆண்டு சிறை விதித்தது. அதே வருடம், பிரிட்டனில் ஐஎஸ் உறுப்பினர் ஒருவர்கூட இனப்படுகொலை போன்ற சர்வதேசக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை என்று நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு சுட்டிக்காட்டி, வசிப்பிட நிபந்தனையை நீக்கச் சொன்னது. இதற்குப் பாதுகாப்பு சபையின் சம்மதம் தேவையில்லை, ரஷ்யாவின் தயவும் தேவையில்லை. 278 பேர் கூடி வாக்களித்த அதே சபையே செய்து முடிக்கக்கூடிய திருத்தம் இது.